கவ்வாத்து மாமா: லயத்தில் எட்டு வீட்டுக் கனவிலும் வந்தவர்

#1 கொழுந்துக்கூடை

எங்கள் ஊர் நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். எங்கள் லயத்தில் பத்து வீடு. பத்தாவது காலி. ஐந்தாவதில் இந்த மாமா தனியாக இருந்தார். மிச்சம் எட்டு வீட்டிலும் அவர் கனவில் வந்தார், அதுவும் ஒரே கனவாக. அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது திருப்பூரில் இருக்கிறேன். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். இன்னும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்தக் கனவு வருகிறது. முழுசாக எழுதிவிட்டால் நிற்குமா என்று பார்க்கிறேன்.

1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள்தான் லயம் முழுக்க. மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலை ஏறியவர்கள். எங்கள் ஆயா பதுளைத் தோட்டத்து முனியின் பிடிமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவர். அந்த மண்ணைப் போட்டுத்தான் எங்கள் மலை உச்சியில் முனிக்குக் கல் நட்டார்கள்.

மாமாவுக்குப் பேர் உண்டு, எழுத மாட்டேன். கவ்வாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதனால் கவ்வாத்து மாமா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை முட்டி உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். இலை எதுவும் மிஞ்சாது. வெட்டுப்பட்ட குச்சி மட்டும் மேலே பார்த்து நிற்கும். மூடுபனியில் பார்த்தால் மலை முழுக்க யாரோ மண்ணுக்குள்ளிருந்து கை நீட்டுகிற மாதிரி இருக்கும்.

அந்த ஆவணியில் எங்கள் வாசலுக்கு எதிர்ச் சரிவில் கவ்வாத்து. ஒரு சாயங்காலம் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், மாமா மட்டும் வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்தார். கையில் கத்தி, காலில் செருப்பில்லை. வாசல் வாசலாக நின்று "சீதலை... சீதலை..." என்றார். அவர் குரலே இல்லை, பெண்பிள்ளை அழுகிற குரல். அதன்பிறகு ஒவ்வொரு ராத்திரியும் அதேதான். சோறு இறங்கவில்லை. பகலில் வெட்டிய செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து யாரிடமோ பேசுவார். அக்கரையில் அற்பாயுசில் செத்த சீதலை என்று ஒருத்தி, கப்பலேறி வந்து இவரைப் பிடித்துக்கொண்டாள் என்றார்கள். வெளியூரிலிருந்து பூசாரி வந்தார். முனி கோயிலில் மூன்று நாள் உடுக்கை, வேப்பிலை, சாட்டை, மிளகாய்ப் புகை. அவள் போகவில்லை. அப்புறம் பத்தாவது வீட்டில் சங்கிலி போட்டு அடைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது, அதில் சாக்கைத் திணித்தார்கள்.

அன்றைக்கு ராத்திரியே கனவு ஆரம்பித்தது. பனி. வெட்டிய மலை. மாமாவின் முதுகு தெரிகிறது. அவர் பின்பக்கமாகவே இறங்கி வருகிறார். முகம் தெரியாது. கவ்வாத்துக் கத்தி சரக், சரக் என்று குச்சியில் படுகிற சத்தம். ஒரு வரிசைக்கு வந்ததும் நின்றுவிடுவார். அவ்வளவுதான். ஆனால் காலையில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டுக்கொள்வார்கள்: "உங்க வீட்டுக்கு எத்தனாவது வரிசையில நின்னான்?" முதல் வீட்டுக்குப் பன்னிரண்டாவது வரிசை. ஏழாவது வீட்டுக்கு நாலாவது. ஒன்பதாவது வீடான எங்களுக்கு இரண்டாவது. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கணக்கு மாறவே இல்லை.

மார்கழி கடைசியில் கடும் உறைபனி. செடியெல்லாம் கருகிப்போன வாரம். காலையில் கதவைத் திறந்தால் மாமா செத்துக் கிடந்தார். செத்தவர் மாதிரியே இல்லை. கன்னமும் உதடும் ரோஜாப்பூ மாதிரி சிவந்திருந்தது, நாலு மாதமாக வெளிறிக் கிடந்த முகம். சிமெண்டுத் தரையில் வட்டமாக ஒரு கருப்புத் தடம். முனி வந்து மிதித்த இடம், அவள் இன்னும் உடம்புக்குள்தான் இருக்கிறாள் என்று பூசாரி சொன்னார். பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டார்கள். எட்டு வீட்டில் எட்டு விதமாக இருக்க வேண்டிய கனவு எப்படி ஒன்றாக இருக்கும்? அதுதான் என் கேள்வி.

#2 இரவுப்பணி

அக்கா, படிக்கும்போதே கை சில்லிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நானும் இரவு ஷிப்ட் ஆள், "அமுக்குவான்" எனக்கு அடிக்கடி வரும். விழிப்பு வந்திருக்கும், உடம்பு அசையாது, அறையில் யாரோ நிற்பார்கள், நெஞ்சில் பாரம் ஏறும். கனவு காணும் உறக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. உறக்கத்தில் கண் வேகமாக அசைகிற அந்தக் கட்டத்தை 1953இல்தான் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள். கட்டு அவிழ்வதற்கு முன்னால் விழிப்பு வந்துவிட்டால் அமுக்குவான். நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருமாம். தூக்கம் கெட்டவர்களுக்கும் பயத்தில் இருப்பவர்களுக்கும் அதிகம். பத்தாவது வீட்டில் ஒருவர் ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டிருந்தால் லயத்தில் யார் தூங்கியிருப்பார்கள்?

ஆனால் வரிசைக் கணக்கு இதில் அடங்கவில்லை. குழாயடியில் பேசிப் பேசியே ஒருவர் கனவு இன்னொருவருக்கு ஏறியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

#3 கோடாங்கிபேரன்

என் தாத்தா வத்தலக்குண்டுக்கு மேலே தாண்டிக்குடி பக்கம் கோடாங்கி. பழனி மலையில் பல ஊருக்கும் உடுக்கையோடு நடந்து போனவர். அதனால் இந்தப் பேச்சில் எனக்கு உரிமை உண்டு என்று எழுதுகிறேன்.

தாத்தா சங்கிலி போட்டதே இல்லை. முதலில் குடும்பத்தையே உட்கார வைத்துக் கேட்பார்: எப்ப இருந்து, என்ன சாவு நடந்துச்சு, என்ன சண்டை, கடன் எவ்வளவு. பாதி ராத்திரி அதிலேயே போய்விடும். உடுக்கை அடித்து ஆடவிட்டு, அழவிட்டு, விடியும்போது சம்பந்தப்பட்டவரை மடியில் படுக்க வைத்துக் கஞ்சி கொடுப்பார். மூன்று அமாவாசைக்குள் தெளியவில்லையா, "இது என் கைக்கு அடங்காது, மதுரைக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்று பஸ் காசையும் அவரே கொடுத்து அனுப்புவார். மிளகாய்ப் புகை போடுகிறவனைப் பூசாரி என்றே சொல்லமாட்டார்.

சாமி இறங்குவதை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு மனுஷனைக் கட்டிப்போட்டுவிட்டுப் பூட்டுகிற பூட்டில் சாமி இல்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் போனார்கள். ஓட முடியாதவர்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்குத் தாத்தா சாப்பிடவில்லை.

#4 கொழுந்துக்கூடை

இரவுப்பணி தம்பி, நெஞ்சில் பாரமெல்லாம் எங்களுக்கு இல்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாலும் விட்ட இடத்திலிருந்து வரும். இன்னொன்று: குழாயடியில் பேசுவதற்கு முன்னாலேயே, முதல் நாள் காலையிலேயே வரிசை வேறு வேறாக இருந்தது. ஏழாவது வீட்டு அத்தை "நாலு" என்று சொன்னதை நானே கேட்டேன்.

கோடாங்கிபேரன், உங்கள் தாத்தா எங்கள் மலைக்கு வந்திருக்கக் கூடாதா.

#5 பழம்பாடல்

குறிஞ்சி நிலத்துச் சங்கப் பாட்டுகளில் வெறியாட்டு என்று ஒரு துறை உண்டு. மகள் மெலிந்துபோகிறாள். தாய் வேலனை, அதாவது முருகன் பூசாரியைக் கூப்பிடுகிறாள். அவன் கழங்குக் காயை உருட்டிக் குறி பார்த்து, இது முருகன் தந்த நோய் என்று சொல்லி, ஆட்டை அறுத்து ஆடுகிறான். அவளுக்கு வந்தது காதல் என்று தோழிக்கு மட்டும் தெரியும். நற்றிணை 34ஆம் பாட்டில் தோழி முருகனையே பார்த்து, கடவுளானாலும் நீ அறியாதவன்தான் என்று சொல்லிவிடுகிறாள். நோய் இன்னதென்று தெரிந்த ஒருத்தி கூட்டத்தில் எப்போதும் இருக்கிறாள், அவளை யாரும் கேட்பதில்லை. உங்கள் லயத்தில் அப்படித் தெரிந்தவர் யாராவது இருந்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

#6 ஊவாத்தென்றல்

வணக்கம். நான் பண்டாரவளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன், இப்பவும் இங்கதான். உங்கட கதையில ஒரு சொல்லைப் பார்த்து இரண்டு தரம் நின்றுவிட்டேன்.

சீதலை பேர் இல்லை, அக்கா. அது சிங்களம். "சீதலய்" என்றால் குளிருது.

உங்கட மாமா சின்ன வயதில் இந்தப் பக்கம் இருந்தவரா? தோட்டத்தில் வளர்ந்த எத்தனையோ பேருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. ஆனால் சந்தைக்கோ நாட்டுப்புறத்துக்கோ போய்ப் பழகின பிள்ளைகளுக்கு இப்படி நாலு சொல் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். புத்தி தடுமாறும்போது பழைய சொல் மேலே வரும். என் பெரியப்பா கடைசி நாட்களில் அப்படித்தான் பேசினார்.

#7 கொழுந்துக்கூடை

ஆறு வயதில் வந்தவர்.

நாற்பது வருஷமாக அது ஒரு பேயின் பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். செருப்பில்லாமல், பனியில், வாசல் வாசலாக நின்று குளிருது குளிருது என்றிருக்கிறார். நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம். இன்றைக்கு இதற்குமேல் எழுத முடியவில்லை.

#8 மூணாம்வீடு

இந்தப் பக்கத்தில் நான் புதுசு. இதற்காகத்தான் சேர்ந்தேன். மகள் போனில் காட்டினாள்.

தங்கச்சி, நீ ஒன்பதாம் வீட்டுப் பிள்ளை. உங்கள் வீட்டில் சிவலை என்று ஒரு மாடு இருந்தது. நான் மூணாம் வீடு. அப்போது எனக்குப் பதினாறு. உன் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், மாமாவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டுக்கு ஒன்பதாவது வரிசை. எனக்கும் அந்தக் கனவு வந்தது. ஏன் ஒன்று போல வந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், வாயைத் திறந்து சொன்னதில்லை.

மூணாம் நாள் சாயங்காலம் முனி கோயிலிலிருந்து அவரைப் பத்தாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கோயில் எங்கே இருந்தது? முதல் வீட்டுக்கு நேர் மேலே. அங்கிருந்து பத்தாம் வீட்டுக்குப் பாதையில் சுற்றி வராமல் வெட்டிய மலைக்குள்ளேயே குறுக்காக இறக்கினார்கள். இடுப்பில் சங்கிலியைக் கட்டி, கீழே இருந்து நாலு பேர் இழுத்தார்கள். அவர் கோயிலைப் பார்த்தபடி வரமாட்டேன் என்று காலை ஊன்றினார். அப்போ லயத்திலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? முதுகுதான் தெரியும். பின்பக்கமாக வருகிற முதுகு.

எட்டு வீட்டுக்காரர்களும் அவரவர் வாசலில் நின்றோம். குறுக்காக இறங்குவதால் முதல் வீட்டுக்கு எதிரே கடக்கும்போது பன்னிரண்டாவது வரிசை. எங்களுக்கு எதிரே வந்தபோது ஒன்பது. ஏழாம் வீட்டுக்கு நாலு. உங்கள் வீட்டுக்கு எதிரே இரண்டு. ஒவ்வொரு வீட்டுக்கு எதிரிலும் காலை ஊன்றி நின்றார். யாராவது வருவார்கள் என்று நின்றிருப்பார். யாரும் படியிறங்கவில்லை. திரும்ப இழுத்தார்கள்.

கத்திச் சத்தம் இல்லை அது. கத்தியை அன்றைக்கே பிடுங்கிவிட்டார்கள். சங்கிலி வெட்டுக்குச்சிகளில் மாட்டி மாட்டி வருகிற சத்தம். சிவலையின் சங்கிலி. வேறு வீட்டில் மாடில்லை.

இழுத்த நாலு பேரில் என் அப்பா ஒருவர். உன் அம்மா உன் கண்ணைப் பொத்தினார், ஆனால் பிந்திப்போய்ப் பொத்தினார். நீ படியில் நின்று பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

#9 இரவுப்பணி

நான் எழுதிய விளக்கத்தைத் திரும்பிப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. எட்டு வாசல், எட்டுக் கோணம், ஒரே காட்சி. கணக்கு நேராக இருக்கிறது.

#10 மலைச்செவிலி

ஊட்டியில் இருபது வருஷமாகச் செவிலியர். இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். முதல் பதிவில் ஒரு விஷயம் என்னை விடவில்லை: சிவந்த கன்னம், அடைத்த ஜன்னல், உறைபனி, தரையில் வட்டக் கருப்பு.

அந்த அறையில் அன்றிரவு கரி அடுப்பு இருந்திருக்க வேண்டும்.

கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதைவிட இது இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை கனக்கும், குமட்டும், அப்படியே தூங்கிவிடுவார்கள். இதில் இறந்தவர்களின் தோல் சிவந்து தெரிவதுண்டு, தூங்குகிற குழந்தை மாதிரி. ஒவ்வொரு குளிர்காலத்திலும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: மூடிய அறையில் கணப்பு வேண்டாம். சுற்றுலா வருகிறவர்கள் காரமடை வழியாகவோ பர்லியார் வழியாகவோ ஏறி வந்து, குளிர் தாங்காமல் இறைச்சி சுட்ட அடுப்பை அறைக்குள் இழுத்துவைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் ஒருவர் ஒரு பேய் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். காலடிச் சத்தம், உருவங்கள் எல்லாம். பழுதான உலையைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றுவிட்டது.

முனியும் மிதிக்கவில்லை, அவளும் உள்ளே இல்லை. பாவம், அவருக்குக் குளிர் தணியட்டும் என்று யாரோ நல்ல மனசோடு வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது இப்படித் தடுமாறினால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசில்லை. 2017 மனநலச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது குற்றம்.

#11 மூணாம்வீடு

காலையில் நான் உள்ளே போனேன். அடுப்பு எதுவும் இல்லை. தடம் மட்டும் இருந்தது. கொஞ்சம் சாம்பல்.

#12 கோடாங்கிபேரன்

செவிலி அக்கா, நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ராத்திரியில் அந்த அறைக்குப் போகிற துணிச்சல் லயத்தில் யாருக்கு இருந்திருக்கும்? அந்த ஆள் இன்னும் உயிரோடு இருந்தால், இந்த வரிகள் அவர் கண்ணில் படக் கூடாது. கொழுந்துக்கூடை அக்கா, அம்மா இருக்கிறாரா? இருந்தால் இதைச் சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். என் தாத்தா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

#13 ஊவாத்தென்றல்

எனக்கு வேறு மாதிரித் தோணுது. நாற்பது வருஷம் ஒருவர் மனதுக்குள்ளே வைத்திருப்பதை நாங்கள் சொல்லாமல் விட்டால் அது இல்லாமல் போகுமா? கேளுங்கள், அக்கா. சொல்ல வேண்டாம், கேளுங்கள் மட்டும்.

#14 கொழுந்துக்கூடை

அம்மா இருக்கிறார். தம்பியோடு அதே தோட்டத்தில், இப்போது கீழ் லயத்தில். நேற்று ராத்திரி போன் செய்தேன். அங்கே டவர் சரியாகக் கிடைக்காது, கொல்லையில் வந்து நின்றுதான் பேசுவார்.

மூணாம்வீடு அண்ணனைப் பற்றிச் சொன்னேன், சந்தோஷப்பட்டார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அப்புறம் சீதலை என்றால் என்னம்மா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஒங்க ஆயாவுக்குத் தெரியும். பதுளைச் சந்தையில கீரை வித்தவதான. மொத நாளே என்கிட்ட சொன்னா, குளிருதுன்னு சொல்றான்டின்னு. வெளிய சொன்னா நம்மளையும் சேத்துப் பேசுவாங்கன்னு ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டோம்."

அப்புறம் அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

"அன்னைக்கு என்னா பனி. கவ்வாத்துல விழுந்த மிலாறு எரிச்ச கரி அடுப்புல நெறைய இருந்துச்சு. ஒங்கப்பா தூங்கினப்புறம் கொண்டுபோய் வச்சேன். கையைக் காட்டிச் சிரிச்சான். சாக்கை நல்லா அமுக்கிட்டு வந்தேன், காத்து வரக் கூடாதுன்னு. விடியக்காலம் போய்ப் பாத்தேன். அடுப்பை எடுத்து முந்தானையில மூடிக்கிட்டு வந்துட்டேன். கை வெந்துபோச்சு."

அம்மாவின் இடது உள்ளங்கையில் ஒரு தழும்பு உண்டு. கொழுந்து மூட்டை தூக்கியதால் வந்தது என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருந்தார்.

உனக்கும் அந்தக் கனவு வருமா என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டாவது வரிசையில நிக்க மாட்டான். திரும்பிருவான்."

முகம் எப்படியம்மா இருக்கும்?

"அவன் மொகந்தான். வேற யாரும் இல்ல அதுல. செவசெவன்னு இருக்கும். போதும்க்கா, சூடு போதும்க்காம்பான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கேட்டார்:

"ஏன்டி, டிவியில காட்டுறாங்களே, கரியில வெஷம் இருக்குன்னு. அது நெசமாவா?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா ஹலோ ஹலோ என்றார். டவர் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டார்.